கணினிக் கேள்வி-பதில்: வால்யூம் எந்தச் சர்வரில் இருக்கிறது?

சென்ற இதழில், பல சர்வர்களில் உள்ள கோப்புகளை ஒரே அடைவு மரமாகக் காட்டும் ஏஎஃப்எஸ் என்னும் பரவல் கோப்பு முறைமையைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை, வால்யூம்களைத் தேடிக் கண்டறியும் ‘வாஸ்’ என்னும் கட்டளை வரிக் கருவியைப் பற்றியே இருந்தன. ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சில வரிகள். 1980களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆண்ட்ரூ திட்டத்தில் உருவானது ஏஎஃப்எஸ். 2000ஆம் ஆண்டில் ஐபிஎம் அதன் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டது; அன்றிலிருந்து ஓப்பன்ஏஎஃப்எஸ் என்ற பெயரில் அது பராமரிக்கப்பட்டு வருகிறது. இதில் கோப்புகள் ‘வால்யூம்’ என்னும் அலகுகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஒரு வால்யூமை ஒரு சர்வரிலிருந்து மற்றொரு சர்வருக்கு மாற்றினாலும் பயனாளர் திறக்கும் அடைவின் பாதை மாறாது. அதனாலேயே, பாதையை மட்டும் பார்த்து ஒரு கோப்பு எந்தச் சர்வரில் இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. அதைக் கேட்டுச் சொல்லும் கருவிதான் ‘வாஸ்’. கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி அச்சிட்டிருக்கிறோம். வாஸ் என்பதை வி, ஓ, எஸ் என்று மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

கேள்வி: வணக்கம் ஐயா. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் சேர்ந்து ஆய்வு செய்யும் குழுவில் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் தரவுகள் அவர்களுடைய ஏஎஃப்எஸ் அடைவில் இருக்கின்றன. இடம் நிறைந்துவிட்டதால் கூடுதல் இடம் கேட்டு எழுதினேன். “வால்யூமின் பெயரை அனுப்புங்கள்” என்று பதில் வந்தது. எனக்குத் தெரிந்தது அடைவின் பாதை மட்டுமே. ‘வாஸ் எக்ஸாமின்’ கட்டளைக்கு அந்தப் பாதையைக் கொடுத்தால் அப்படி ஒரு பதிவே இல்லை என்கிறது. என்ன செய்வது? – ஆய்வு உதவியாளர், கிளமெண்டி

பதில்: நீங்கள் இரண்டு கருவிகளை அடுத்தடுத்துப் பயன்படுத்த வேண்டும். வாஸ் கருவிக்குப் பாதைகளைப் பற்றி எதுவும் தெரியாது. அது வால்யூமின் பெயரையோ அடையாள எண்ணையோ மட்டுமே ஏற்கும். பாதையிலிருந்து வால்யூமின் பெயரைக் கண்டறிவது, உங்கள் கணினியிலேயே இயங்கி, சர்வர்களிடம் கோப்புகளைக் கேட்டு வாங்கும் நிரலான ஏஎஃப்எஸ் கிளையன்ட்டிடம் பேசும் ‘எஃப்எஸ்’ என்னும் மற்றொரு கருவியின் வேலை.

எனவே முதலில் ‘எஃப்எஸ் எக்ஸாமின்’ என்று தட்டி, அதன் பின்னால் அடைவின் பாதையைக் கொடுங்கள். வால்யூமின் அடையாள எண், பெயர், ஒதுக்கீட்டு அளவு, அதில் எவ்வளவு பயன்படுத்தப்பட்டிருக்கிறது, அந்த வால்யூம் தங்கியிருக்கும் பார்ட்டிஷனில் (சர்வர் வட்டின் ஒரு பிரிவு) எவ்வளவு இடம் மிச்சம் என்ற விவரங்கள் சில வரிகளில் வந்துவிடும். பலர் இதற்கு ‘எஃப்எஸ் எல்எஸ்மவுன்ட்’ கட்டளையைப் பரிந்துரைப்பார்கள். அதுவும் சரியானதே, ஆனால் நீங்கள் கொடுக்கும் அடைவு ஒரு வால்யூம் இணைக்கப்பட்டிருக்கும் இடமாகவே இருந்தால்தான் அது பெயரைச் சொல்லும். இரண்டு படி உள்ளே தள்ளியிருக்கும் அடைவைக் கொடுத்தால், இது இணைப்பு இடம் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். எக்ஸாமினுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வால்யூமுக்குள் எந்த ஆழத்தில் இருக்கும் கோப்பைக் கொடுத்தாலும் விடை கிடைக்கும். தொடங்குவதற்கு அதுவே நல்லது.

பெயர் கிடைத்தபின் ‘வாஸ் எக்ஸாமின்’ கட்டளைக்கு அதைக் கொடுங்கள். ஆனால் உங்களுக்கு இன்னொரு தடை இருக்கக்கூடும். ஏஎஃப்எஸ் உலகில் ஒவ்வொரு நிறுவனத்தின் பகுதியும் ஒரு ‘செல்’. எஃப்எஸ் கருவிக்குப் பாதை தெரிவதால் எந்தச் செல் என்பதை அதுவே புரிந்துகொள்ளும். வாஸ் கருவியோ, நீங்கள் குறிப்பிடாதவரை, உங்கள் கணினியில் இயல்பாக அமைக்கப்பட்டிருக்கும் செல்லையே கேட்கும். வெளிநாட்டுச் செல்லில் உள்ள வால்யூமை உள்ளூர்ச் செல்லிடம் கேட்டால் பதிவு இல்லை என்றுதான் பதில் வரும். ஆகவே ‘-செல்’ என்ற விருப்பத்தைச் சேர்த்து, அந்தப் பல்கலைக்கழகச் செல்லின் பெயரைக் கொடுக்க வேண்டும். செல்லின் பெயர் தெரியாவிட்டால் ‘எஃப்எஸ் விச்செல்’ கட்டளைக்குப் பாதையைக் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம்.

வரும் பதிலை எப்படி வாசிப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. முதல் வரியில் ‘புரொஜ்.ஓஷன்’ என்ற பெயர், 536871204 என்ற எண், ‘ஆர்டபிள்யூ’ (எழுதவும் படிக்கவும் உரியது) என்ற வகை, 4812306 கே என்ற அளவு, கடைசியில் ‘ஆன்லைன்’ என்ற நிலை ஆகியவை இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வரி சர்வரின் பெயரையும் அதிலுள்ள பார்ட்டிஷனின் பெயரையும் தரும்; ஏஎஃப்எஸ் சர்வர்களின் பார்ட்டிஷன்கள் ‘/வைஸ்பிஏ’, ‘/வைஸ்பிபி’ என்று வரிசையாகப் பெயரிடப்பட்டிருக்கும். அதற்கடுத்த வரியில் மூன்று எண்கள் இருக்கும். எழுதவும் படிக்கவும் உரிய மூல வால்யூம், படிப்பதற்கு மட்டுமான படி (நகல்), பேக்கப் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி அடையாள எண்கள் உண்டு. பெரும்பாலும் அவை அடுத்தடுத்த எண்களாகவே அமையும். அதன்கீழ் உச்ச ஒதுக்கீடு 5000000 கே என்றிருந்தால், உங்கள் இடத்தில் 96 விழுக்காட்டிற்கு மேல் நிரம்பிவிட்டது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒதுக்கீடு 0 என்றிருந்தால் இடமே இல்லை என்று பதற வேண்டாம். வரம்பு விதிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள்.

அதன்பின் வால்யூம் உருவாக்கப்பட்ட நேரம், கடைசியாக மாற்றப்பட்ட நேரம் முதலியவையும், ஒரு நாளில் அது எத்தனை முறை அணுகப்பட்டது என்ற எண்ணிக்கையும் வரும். இந்த நேரங்களைப் பற்றி ஒரு குறிப்பு: சர்வர் அனுப்புவது வெறும் எண், அதை நாள், மணியாக மாற்றி அச்சிடுவது நீங்கள் கட்டளை இடும் கணினி. உங்கள் மடிக்கணினியில் பார்த்தால் சிங்கப்பூர் நேரமும், அமெரிக்காவிலுள்ள இயந்திரத்திற்குள் நுழைந்து பார்த்தால் அந்த ஊர் நேரமும் தெரியும். “நேற்று இரவு மாற்றினோம், பதிவாகவில்லையே” என்று மின்னஞ்சல் எழுதுவதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகிக்கு எழுதும்போது இந்த முழுப் பதிலையும் எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள். திரையைப் படமெடுத்து அனுப்பினால் அவர் ஒன்பது இலக்க எண்ணைக் கண்ணால் பார்த்துத் தட்ட வேண்டியிருக்கும். ஓர் இலக்கம் மாறினால் வேறொருவருடைய வால்யூமுக்குப் போய்விடுவார்.

கேள்வி: எங்கள் துறையின் இணையப் பக்கங்கள் ஏஎஃப்எஸ்ஸில் உள்ளன. ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமித்தேன். என் கணினியில் திருத்தம் தெரிகிறது; சக ஊழியருக்குப் பழைய பக்கமே தெரிகிறது. கேஷ் (கணினி தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் நகல்) கோளாறு என்று நினைத்து அவருடைய கணினியை மறுதொடக்கம் செய்தும் பயனில்லை. – அலுவலக நிர்வாகி, தெம்பனிஸ்

பதில்: கேஷ் மீது பழி போடுவதற்கு முன், நீங்கள் இருவரும் பார்ப்பது ஒரே வால்யூமைத்தானா என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய கணினியில் அந்தப் பக்கத்தின்மீது ‘எஃப்எஸ் எக்ஸாமின்’ கொடுத்து, வரும் பெயரின் இறுதியைக் கவனியுங்கள். பெயர் ‘.ரீட்ஒன்லி’ என்று முடிந்தால் அவர் பார்ப்பது படிப்பதற்கு மட்டுமான படி. உங்கள் கணினியில் வரும் பெயரில் அந்த ஒட்டு இல்லையென்றால் நீங்கள் மூல வால்யூமைத் திருத்தியிருக்கிறீர்கள்.

இது பிழையன்று, ஏஎஃப்எஸ் வேண்டுமென்றே செய்வது. பலர் படிக்கும், சிலரே திருத்தும் வால்யூம்களுக்குப் பல சர்வர்களில் படிகள் வைக்கப்படும். ஒரு சர்வர் நின்றாலும் கிளையன்ட் மற்றொன்றிலிருந்து வாசித்துக்கொள்ளும். அந்தப் படிகள் தாமாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. உரிமையுள்ள நிர்வாகி ‘வாஸ் ரிலீஸ்’ கட்டளை இட்டால்தான் மூலத்தில் உள்ளது படிகளுக்குப் போய்ச் சேரும். வழக்கமான பாதையில் போகிறவர்களுக்குப் படி இருந்தால் படியே காட்டப்படும். செல்லின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த பாதையில் போகிறவர்களுக்கு மூலம் காட்டப்படும் என்பது பெரும்பாலான செல்களில் பின்பற்றப்படும் வழக்கம். நீங்கள் அந்தப் புள்ளி வைத்த பாதையில் நுழைந்து திருத்தியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

ரிலீஸ் செய்தும் ஒருவருக்குப் பழையதும் மற்றொருவருக்குப் புதியதும் தெரிந்தால், ‘வாஸ் எக்ஸாமின்’ கட்டளைக்கு ‘.ரீட்ஒன்லி’ ஒட்டுடன் பெயரைக் கொடுங்கள். எத்தனை சர்வர்களில் படி இருக்கிறதோ அத்தனை பத்திகளாகப் பதில் வரும். ஒவ்வொரு பத்தியிலும் உள்ள தேதிகளை ஒப்பிட்டால் எந்தச் சர்வரின் படி பின்தங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். பதிலின் கடைசிப் பகுதியில் சர்வர் பெயர்களின் பக்கத்தில் ‘ஓல்டு ரிலீஸ்’, ‘நியூ ரிலீஸ்’ என்ற குறிப்புகள் கலந்து நின்றால், ரிலீஸ் பாதியில் நின்றுபோயிருக்கிறது என்று பொருள். நின்றுபோன காரணத்தைக் களைந்துவிட்டு மறுபடியும் ரிலீஸ் செய்ய வேண்டும்.

எல்லாச் சர்வர்களிலும் தேதி சரியாக இருந்தும் ஒரே ஒரு கணினி மட்டும் அடம்பிடித்தால், அப்போது அந்தக் கணினியைச் சந்தேகப்படுவதில் தவறில்லை. அதில் ‘எஃப்எஸ் செக்வால்யூம்ஸ்’ கட்டளையை இட்டால், எந்த வால்யூம் எங்கே என்று அது நினைவில் வைத்திருக்கும் பட்டியலை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்டுக்கொள்ளும்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, ஓர் ஆய்வுக்கூடத்தில் பழைய ஏஎஃப்எஸ் சர்வர்களின் பொறுப்பை அண்மையில் ஏற்றேன். மின்தடைக்குப் பிறகு ஒரு சர்வரை மறுதொடக்கம் செய்தோம். அதன்பின் சில வால்யூம்களை வாஸ் கருவியால் தேடினால், தரவுத்தளம் சொல்லும் சர்வரில் அந்த வால்யூம் இல்லை என்ற செய்தி வருகிறது. இணையத்தில் தேடியபோது ‘வாஸ் சிங்க்விஎல்டிபி’, ‘வாஸ் சிங்க்செர்வ்’ என்ற இரண்டையும் இயக்கினால் சரியாகிவிடும் என்று படித்தேன். இயக்கலாமா? – கணினி நிர்வாகி, அங் மோ கியோ

பதில்: இப்போது இயக்காதீர்கள். இந்த இதழில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். ஆகவே சற்று விரிவாக விளக்குகிறேன்.

வாஸ் கருவி இரண்டு வெவ்வேறு இடங்களில் விசாரிக்கிறது. ஒன்று, வால்யூம்களின் இருப்பிடத் தரவுத்தளம். நிர்வாகிகள் இதை விஎல்டிபி என்பார்கள். எந்த வால்யூம் எந்தச் சர்வரின் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கும் பதிவேடு அது. மற்றொன்று, அந்தந்த ஃபைல் சர்வரில் இயங்கும் வால்யூம் சர்வர். அது தன் வட்டில் உண்மையில் உள்ளதைப் பார்த்துச் சொல்லும். ‘வாஸ் லிஸ்ட்விஎல்டிபி’ பதிவேட்டை மட்டும் வாசிக்கிறது. ‘வாஸ் லிஸ்ட்வால்’ வட்டை மட்டும் பார்க்கிறது. ‘வாஸ் எக்ஸாமின்’ முதலில் பதிவேட்டைப் பார்த்து, அது காட்டும் சர்வருக்குப் போய் விசாரித்து, இரண்டையும் ஒரே பதிலில் தருகிறது. அடையாள அட்டையில் ஒரு முகவரி இருக்க, ஆள் வேறு புளோக்கிற்குக் குடிபோயிருந்தால், அட்டையைப் பார்ப்பவருக்கும் கதவைத் தட்டுபவருக்கும் வெவ்வேறு விடை கிடைக்கும் அல்லவா? உங்களுக்கு வந்த செய்தி அப்படிப்பட்டது: பதிவேட்டின்படி கதவைத் தட்டினேன், உள்ளே ஆள் இல்லை.

ஆள் ஏன் இல்லை என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மின்தடைக்குப் பின் என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு முதலில் தோன்றுவது பார்ட்டிஷன். ஃபைல் சர்வர் தொடங்கும்போது ‘/வைஸ்பிபி’ போன்ற ஒரு பார்ட்டிஷன் லினக்ஸில் இணைக்கப்படாமல் போயிருந்தால், இயல்பான அமைப்பில் ஃபைல் சர்வர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அதிலுள்ள வால்யூம்கள் அனைத்தும் இல்லாதவையாகவே தோன்றும். தரவு பத்திரமாக வட்டில் இருக்கும். சர்வருக்கு மட்டும் கண்ணில் படாது. இந்த நிலையில் ‘வாஸ் சிங்க்செர்வ்’ இயக்கினால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு வால்யூமும் சர்வரில் இருக்கிறதா என்று அது சரிபார்த்து, இல்லாதவற்றின் இருப்பிடத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடும். ஒரு வட்டு இணைக்கப்படாத சிறிய சிக்கல், பதிவேடே அழிந்த பெரிய சிக்கலாகிவிடும்.

ஆகவே முதலில் ‘வாஸ் லிஸ்ட்பார்ட்’ கட்டளைக்குச் சர்வரின் பெயரைக் கொடுத்து, இருக்க வேண்டிய பார்ட்டிஷன்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘வாஸ் பார்ட்இன்ஃபோ’ ஒவ்வொன்றின் மொத்த அளவையும் மிச்ச இடத்தையும் சேர்த்துத் தரும். ஒன்று குறைந்தால் உங்கள் வேலை லினக்ஸ் பக்கத்தில் இருக்கிறது. பார்ட்டிஷனை இணைத்து ஃபைல் சர்வரை மறுபடி தொடங்கினால் போதும்.

பார்ட்டிஷன்கள் முழுமையாக இருந்தால் ‘வாஸ் லிஸ்ட்வால்’ கொடுத்து அந்தச் சர்வரின் பட்டியலை எடுங்கள். பட்டியலின் இறுதியில் ஆன்லைனில் எத்தனை, ஆஃப்லைனில் எத்தனை, வேலையாக இருப்பவை எத்தனை என்ற கூட்டுத்தொகை வரும். நடுவில் நட்சத்திரக் குறிகளுடன், இன்ன எண்ணுள்ள வால்யூமை இணைக்க முடியவில்லை என்ற வரிகள் இருந்தால் அந்த வால்யூம்கள் காணாமல் போகவில்லை, பழுதடைந்திருக்கின்றன. அவற்றுக்கு உரிய மருந்து, பழுதான வால்யூம்களைச் சரிசெய்யும் ‘பாஸ் சால்வேஜ்’ கட்டளை, பதிவேட்டுத் திருத்தமன்று. இரண்டும் இல்லையென்றால் மற்றச் சர்வர்களிலும் லிஸ்ட்வால் எடுத்து, காணாத எண்ணைத் தேடுங்கள். யாராவது ஒருவர் வால்யூமை வேறு சர்வருக்கு நகர்த்திக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிருக்கலாம்.

அப்படிப் பாதியில் நின்ற நகர்த்தலின் மற்றொரு தடயம், ‘வாஸ் எக்ஸாமின்’ பதிலின் இறுதியில் வரும் ‘லாக்டு’ என்ற குறிப்பு. ‘வாஸ் லிஸ்ட்விஎல்டிபி’ கட்டளையுடன் ‘-லாக்டு’ விருப்பத்தைச் சேர்த்தால் பூட்டப்பட்ட பதிவுகளை மட்டும் பட்டியலிடும். பூட்டைத் திறப்பதற்கு முன், தொடர்புடைய சர்வர்கள்மீது ‘வாஸ் ஸ்டேட்டஸ்’ கொடுத்து அங்கே எந்த வேலையும் நடக்கவில்லை என்பதை உறுதி செய்யுங்கள். சக நிர்வாகி ஒருவர் அந்த நேரத்தில் பெரிய வால்யூம் ஒன்றை நகர்த்திக்கொண்டிருக்கலாம்; பூட்டு அவருக்காகவே இருக்கிறது.

ஒரே வால்யூமின் மூலம் இரண்டு சர்வர்களில் இருப்பதைக் கண்டால் எதையும் நீக்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டின் அளவையும் கடைசி மாற்ற நேரத்தையும் எழுதி வைத்து, இரண்டையும் ‘வாஸ் டம்ப்’ மூலம் வேறிடத்தில் சேமித்த பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

இவ்வளவும் பார்த்து, வட்டில் உள்ளதுதான் உண்மை, பதிவேடு மட்டும் பின்தங்கியிருக்கிறது என்று தெளிவானால், அப்போது சிங்க் கட்டளைகள் உங்களுக்கு உதவும். முதலில் ‘வாஸ் சிங்க்விஎல்டிபி’: சர்வரில் உள்ளதைப் பார்த்துப் பதிவேட்டைத் திருத்தும். பிறகு ‘வாஸ் சிங்க்செர்வ்’: பதிவேட்டில் உள்ளதைக் கொண்டு சர்வரைச் சரிபார்க்கும். இரண்டிலும் ‘-டிரைரன்’ என்ற விருப்பம் உண்டு. அதைச் சேர்த்தால் என்ன செய்யப் போகிறது என்று சொல்லும்; எதையும் மாற்றாது. அந்தப் பட்டியலை வரி வரியாக வாசித்துவிட்டு, உங்களுக்குப் புரியாத வரி ஒன்று இருந்தாலும் உண்மையான ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் ‘வாஸ் எக்ஸாமின்’ உடனே பதில் தருகிறது. வீட்டிலிருந்து இயக்கினால் நெடுநேரம் காத்திருந்து, தொடர்பு கிடைக்காமல் இருக்கலாம் என்று சொல்லி முடிகிறது. ஆனால் வீட்டிலிருந்தே ‘வாஸ் லிஸ்ட்விஎல்டிபி’ நன்றாக வேலை செய்கிறது. இது எப்படி? – மென்பொருள் பொறியாளர், செங்காங்

பதில்: மேலே சொன்ன இரண்டு விசாரணைகளும் இரண்டு வெவ்வேறு வாசல்கள் வழியாகப் போகின்றன. பதிவேட்டைக் கேட்பது யுடிபி போர்ட் 7003. வால்யூம் சர்வரைக் கேட்பது யுடிபி போர்ட் 7005. கோப்புகளை வாசிப்பதற்கு 7005 தேவையில்லை என்பதால், பல நிறுவனங்களின் ஃபயர்வால்கள் வெளியிலிருந்து 7000, 7002, 7003 ஆகியவற்றை மட்டும் அனுமதித்து, நிர்வாகப் பணிக்கு உரியது என்று கருதி 7005ஐ அடைத்து வைக்கின்றன. பதிவேடு பதில் சொல்வதும் எக்ஸாமின் பாதியில் நிற்பதும் அதனால்தான் இருக்க வேண்டும். அலுவலக விபிஎன் வழியாக நுழைந்து பார்த்தால் உறுதியாகிவிடும். இருப்பிடம் மட்டுமே தேவையென்றால் லிஸ்ட்விஎல்டிபி தரும் விடையே போதும். அளவும் தேதிகளும் வேண்டுமென்றால்தான் 7005 தேவைப்படும்.

வேறொரு வாசகர், பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்து இயக்கியபோது எல்லா ஏஎஃப்எஸ் கட்டளைகளுமே தொடர்பின்றி நிற்கின்றன என்று எழுதியிருக்கிறார். அவருக்கான விடை வேறு. ஓப்பன்ஏஎஃப்எஸ் 1.8 வரிசையில் 1.8.7க்கு முந்தைய பதிப்புகளில், இணைப்பு எண்ணை நேரத்திலிருந்து உருவாக்கும் இடத்தில் ஒரு பிழை இருந்தது. 2021 ஜனவரி 14ஆம் தேதி, சிங்கப்பூர் நேரப்படி மாலை 4 மணி 25 நிமிடம் 36 விநாடிக்குப் பிறகு தொடங்கப்பட்ட கிளையன்ட்டுகள் அதனால் சர்வர்களுடன் ஒழுங்காகப் பேச முடியாமல் போயின. அந்த விநாடிக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தவை தொடர்ந்து வேலை செய்ததால், காரணம் புரியாமல் மறுதொடக்கம் செய்தவர்களே சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். ‘ஆர்எக்ஸ்டிபக்’ கட்டளைக்கு லோக்கல்ஹோஸ்ட், 7001, ‘-வெர்ஷன்’ ஆகியவற்றைக் கொடுத்தால் உங்கள் கிளையன்ட்டின் பதிப்பு தெரியும். பழையதாக இருந்தால் புதுப்பித்துவிடுங்கள்.

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. பயிற்சிக்காக அனுப்பப்பட்ட இடத்தில் வாஸ் கட்டளைகளைப் பழகிப் பார்க்கலாமா, அல்லது நிர்வாகியின் அனுமதி வேண்டுமா? – மாணவி, உட்லண்ட்ஸ்

பதில்: எக்ஸாமின், லிஸ்ட்விஎல்டிபி, லிஸ்ட்வால், பார்ட்இன்ஃபோ ஆகியவை பார்க்க மட்டுமே செய்யும்; பொதுவாக இவற்றுக்கு நிர்வாக உரிமை தேவையில்லை. கெர்பரோஸ் டோக்கன் (நீங்கள் யார் என்பதை உறுதிசெய்யும் உள்நுழைவுச் சான்று) இல்லாமல் இயக்கும்போது எச்சரிக்கை வந்தால் ‘-நோஆத்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமையின்றி இயக்குவதால் தவறுதலாக எதையும் மாற்றிவிட மாட்டோம் என்ற நிம்மதியும் உங்களுக்குக் கிடைக்கும். ஆனாலும் பயிற்சி தரும் அலுவலரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சர்வர் பெயர்கள் அடங்கிய பதில்களை வெளியில் பகிராதீர்கள். நிரல் எழுதி இந்தப் பதில்களைப் பிரித்தெடுக்க விரும்பினால், மனிதர்கள் வாசிப்பதற்கான வடிவத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். எக்ஸாமினிலும் லிஸ்ட்வாலிலும் ‘-ஃபார்மட்’ என்ற விருப்பம் இருக்கிறது. ஒவ்வொரு விவரத்தையும் அதன் பெயருடன் தனித்தனி வரியாகத் தரும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஏஎஃப்எஸ் இல்லை, குளஸ்டர்எஃப்எஸ் என்னும் வேறொரு பரவல் கோப்பு முறைமையைப் பயன்படுத்துகிறோம். ‘குளஸ்டர் வால்யூம் இன்ஃபோ’ கட்டளை எல்லாம் இயங்குகிறது என்றே காட்டுகிறது; ஆனால் சில கோப்புகளைத் திறக்கவே முடியவில்லை. – தகவல் தொழில்நுட்ப ஊழியர், ஜூரோங் ஈஸ்ட்

பதில்: பதிவேடு சொல்வதற்கும் உண்மை நிலைக்கும் இடையே மேலே கண்ட வேறுபாடு அங்கும் உண்டு. ‘குளஸ்டர் வால்யூம் இன்ஃபோ’ சொல்வது அமைப்பு விவரம்: வால்யூமின் வகை, அதில் சேர்க்கப்பட்ட ‘பிரிக்’குகள் (சர்வர்களில் கோப்புகளைச் சேமிக்கும் அடைவுகள்), மாற்றப்பட்ட விருப்பங்கள். அதில் ‘ஸ்டார்ட்டட்’ என்று இருப்பதற்கு, அந்த வால்யூமைத் தொடங்கும்படி யாரோ ஒருமுறை ஆணையிட்டார் என்பதே பொருள். எல்லாப் பிரிக்குகளும் இந்த நொடியில் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு அது சான்றாகாது. அதற்கு ‘குளஸ்டர் வால்யூம் ஸ்டேட்டஸ்’ கட்டளையை இயக்குங்கள். ஒவ்வொரு பிரிக்கும் எந்தப் போர்ட்டில் இயங்குகிறது, அதன் செயல்முறை எண் என்ன, ஆன்லைனில் இருக்கிறதா என்பதை அட்டவணையாகத் தரும். ஆன்லைன் பத்தியில், இல்லை என்பதைக் குறிக்கும் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து நிற்கும் வரிதான் நீங்கள் தேடுவது. கோப்புகளைப் படி எடுக்காமல் பகிர்ந்து மட்டும் வைக்கும் வகையாக உங்கள் வால்யூம் இருந்தால், ஒரு பிரிக் விழுந்தவுடன் அதிலிருந்த கோப்புகள் மட்டும் திறக்காமல் போகும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி அதற்குப் பொருந்துகிறது.

விழுந்த பிரிக்கின் சர்வரில் வட்டு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ‘குளஸ்டர் வால்யூம் ஸ்டார்ட்’ கட்டளையில் வால்யூமின் பெயருக்குப் பின் ‘ஃபோர்ஸ்’ சேர்த்து இயக்கினால், நின்றிருக்கும் பிரிக் மட்டும் தொடங்கப்படும். படியெடுக்கும் வகையாக இருந்தால் அதன்பின் ‘குளஸ்டர் வால்யூம் ஹீல்’ கட்டளைக்கு வால்யூமின் பெயரையும் ‘இன்ஃபோ’ என்பதையும் கொடுத்து, ஒவ்வொரு பிரிக்கிலும் சரிசெய்யப்பட வேண்டிய கோப்புகளின் எண்ணிக்கை சுழியம் ஆகும்வரை வேறு எந்தச் சர்வரையும் நிறுத்தாதீர்கள். ரெட் ஹாட் நிறுவனம் தன் குளஸ்டர் சேமிப்புத் தயாரிப்புக்கான ஆதரவை 2024 டிசம்பர் 31ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. நீங்கள் அந்தத் தயாரிப்பைப் பயன்படுத்துபவராக இருந்தால், இந்தச் சிக்கல் தீர்ந்த கையோடு தரவுகளை வேறு முறைமைக்கு மாற்றும் திட்டத்தை உங்கள் மேலாளரிடம் எழுத்துமூலம் கொடுங்கள்.